கழித்தல் குறியைக் கண்டுபிடித்த அம்மா

காமராஜர் சாலை, மதுரை
11 பிப்ரவரி 2024

அன்புள்ள ஹரீஷ்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. உறையின் ஒரு மூலை நனைந்திருந்தது. தபால்காரர் சங்கிலியிடம் கேட்டேன். "அது ஜெர்மனி மழை டீச்சர், நம்ம மழை இல்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டார். நல்லவேளை, படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் கணினி வரைந்த பால்டிக் கடல் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சுற்றிலும் நிலம், நடுவில் இத்தனை சுருள்கள். பெருங்கடலின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிற கடலுக்குள் இவ்வளவு நடமாட்டமா என்று தினம் ஒருமுறை பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கீழைக் கரையில் உள்ள சுழல்கள் ரொம்பவும் உருண்டையாக இருக்கின்றன. தண்ணீர் அவ்வளவு ஒழுங்காகச் சுற்றுமா? கணக்கு நிலைகுலையாமல் இருக்கப் பாகுத்தன்மையைக் கூட்டி வைத்திருக்கிறீர்களோ? உன் ஆராய்ச்சிப் பட்டத்தின்போது சுழல்கள் எல்லாம் எதிர்த்திசையில் சுற்றின. பக்கங்களைக் கட்டாக எனக்கு அனுப்பினாய். சமன்பாட்டில் பூமியின் சுழற்சிக்கான உறுப்புக்கு முன் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. அதிலிருந்து உன் படங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

காதுக் கருவி மறுபடி கீச்சிடுகிறது. தொலைபேசியில் நீ பேசுவது சத்தமாக வருகிறது, சொல்லாக வருவதில்லை. ஆகவே கடிதத்தை நிறுத்திவிடாதே.

பரிசு வாங்கிய மேடையில் நீ பேசிய பேச்சின் பிரதியைக் கேட்டு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. ஐந்தாம் வகுப்பில் உன்னை முதன்முதலில் மேடையேற்றிப் பேச வைத்தவள் நான். எனக்குப் படித்துப் பார்க்க ஆசை இருக்காதா? பிழை பார்க்க மாட்டேன். பார்த்தாலும் சொல்ல மாட்டேன்.

வெயில் இப்போதே மாசி வீதிகளில் இறங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அம்மா,
ராதாமணி


ரோஸ்டாக்
3 மார்ச் 2024

அம்மாவுக்கு வணக்கங்கள்.

உங்கள் கண்ணிலிருந்து ஒன்றும் தப்புவதில்லை. பாகுத்தன்மையைக் கூட்டித்தான் வைத்திருந்தோம். கூட்டினால் கணக்கு அமைதியாக ஓடும். சின்னச் சுழல்கள் மழுங்கிப்போகும். இப்போது கட்டங்களை இன்னும் சிறிதாக்கிவிட்டோம். பால்டிக்கின் சுழல்கள் சில கிலோமீட்டர் அகலம்தான். கட்டம் பெரிதாக இருந்தால் அவை இருப்பதே கணினிக்குத் தெரியாது.

எங்களுக்கு இப்போது தலைவலி, மேற்கே உள்ள குறுகிய நீரிணைகள். வட கடலின் உப்பு நீர் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. எங்கள் கணினிக் கடல் அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை நாங்களே எண்ணாகக் கொடுக்க வேண்டும். திறந்த எல்லை என்போம். அங்கே கொடுப்பதைப் பொறுத்துத்தான் உள்ளே எல்லாம்.

பேச்சு ஒன்றும் பெரிதில்லை அம்மா. பொதுமக்களுக்கானது, கணக்கே கிடையாது. உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் அதனால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. ஓர் ஆவணப்படக் குழு என்னைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள். ஆகஸ்டில் மதுரைக்கும் வர விரும்புகிறார்கள். விவரம் பிறகு எழுதுகிறேன்.

காதுக் கருவியை மாற்றிவிடுங்கள். வெயிலில் வெளியே போகாதீர்கள்.

உங்கள்
ஹரீஷ்


மதுரை
2 ஏப்ரல் 2024

ஹரீஷ்,

உன் பேச்சைப் பார்த்துவிட்டேன். மாடியில் குடியிருக்கும் இந்துப்ரியா தன் மடிக்கணினியில் காட்டினாள். கீழே எழுத்தும் ஓடியது. நான் அதைப் படித்துத்தான் பார்த்தேன். ஆகவே காது கேளாதவள் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று நீ சொல்ல இடமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன ஞாயிறு நம் சௌராஷ்டிர சபைச் செயலாளர் ஹரிராம் சால்வையோடு வந்து நின்றான். எனக்குப் பாராட்டு விழாவாம். எதற்கு என்றேன்.

"என்ன டீச்சரம்மா, இம்புட்டு நாளாச் சொல்லவே இல்லையே? நாங்க என்ன குறைச்சலாவா நெனச்சிருப்போம்?"

"எதைச் சொல்லவில்லை?"

"சாயப்பட்டறையில கெடந்து கஷ்டப்பட்டதத்தான்."

"ஹரிராம், உன் மனைவிக்கு ஜியோமெட்ரி சொல்லிக்கொடுத்தவள் நான்."

"அது பின்னாடிம்மா. அதுக்கு முன்னாடி இருந்திருக்கும்ல? பெத்த மகனே மேடையில சொல்றாரு. நீங்க கூச்சப்படுறீங்க."

கூச்சம்! கான்வென்டில் படித்து, எம்.எஸ்சி. கணிதம் முடித்து, பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் யார் என்பதை ஹரிராமுக்கு நிரூபிக்கத் தவிக்கிறேன். அவன் நம்பவில்லை. சால்வையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, என் அடக்கத்தைப் புகழ்ந்துகொண்டே போனான்.

பிறகுதான் பார்த்தேன். "எங்கள் குலத்துப் பெண்கள் சாயத் தொட்டிகளின் அருகே வாழ்ந்தவர்கள். என் தாய்க்குத் தன் தாய்மொழியில் ஒரு வரி எழுதத் தெரியாது. சுழல் என்றால் என்ன என்று எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்." இதைச் சொல்லும்போது உனக்குப் பின்னால் திரையில் ஒரு பெண், நீலத் தொட்டி, கையில் கம்பு. அரங்கமே எழுந்து நிற்கிறது. நீ கண்ணைத் துடைத்துக்கொள்கிறாய்.

யார் அந்தப் பெண்?

விடைத்தாளாகவும் திருத்திவிட்டேன், பழக்கதோஷம். தொட்டியில் சுழல் உண்டாவது கம்பு சுற்றுவதால். கம்பை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கடலை யாரும் கம்பு வைத்துக் கலக்குவதில்லை. உப்பு நீரும் நன்னீரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, காற்று அடிக்கிறது, அடியில் பூமி சுழல்கிறது. தொட்டியளவு தண்ணீருக்குப் பூமியின் சுழற்சி ஒரு பொருட்டே அல்ல. இது உனக்குத் தெரியாதா? தெரிந்தே சொன்னாய். இருபதுக்கு மூன்று. அந்த மூன்றும் மேடைத் தோரணைக்கு.

நீ எனக்கு விளக்கம் எழுத வேண்டும்.

அம்மா


ரோஸ்டாக்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. நம் குலத்தில் சாயத் தொழில் இருந்தது உண்மை. நாம் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம், எழுதுவது தமிழில். உங்களுக்கு மட்டுமில்லை, எனக்கும் நம் மொழியில் ஒரு வரி எழுத வராது. அதுவும் உண்மை. சுழலை எனக்கு முதலில் காட்டியது நீங்கள்தான். கரும்பலகையில் காட்டினீர்கள். எதில் காட்டினீர்கள் என்று நான் மேடையில் சொல்லவில்லை, அவ்வளவுதான். திரையில் இருந்தது என் அம்மா என்றும் நான் சொல்லவில்லை. பார்த்தவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே எப்படி என்று உங்களுக்குப் புரியாது அம்மா. பல வருஷமாக இவர்களுக்கு நான் ஒரு இந்தியக் கணினி ஆள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என் பெயரில் தனி ஆய்வுக்குழுவே அமைந்தது. கழித்தல் குறியைக் கண்டுபிடித்த அம்மாவுக்கு உலகத்தில் யாரும் எழுந்து நின்று கை தட்ட மாட்டார்கள்.

கேட்கக் கூடாததையும் கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு வலிப்பது பொய்யா, இல்லை சாயக்காரி என்று நினைத்துவிட்டார்களே என்பதா?

ஆகஸ்டில் படக்குழு வருகிறது. உங்களைத் தொல்லைப்படுத்த மாட்டேன். செல்லூரில் ஒரு பட்டறையில் அரை மணி நேரம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் போதும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. எனக்காக.

உங்கள்
ஹரீஷ்


மதுரை
12 மே 2024

ஹரீஷ்,

நீ கேட்டதற்கு முதலில் பதில். ஆம், சாயக்காரி என்று நினைத்தது வலிக்கிறது. இல்லை என்று எழுதினால் நானும் உன்னைப்போல் ஆகிவிடுவேன். ஆனால் நீ உண்மையில் ஒரு சாயக்காரியின் மகனாகப் பிறந்து, அவள் கணக்கு டீச்சர் என்று மேடையில் தோன்ற விட்டிருந்தால், அந்த அம்மாவுக்காக நான் இதைவிடக் கடுமையாக உனக்கு எழுதியிருப்பேன்.

சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை என்கிறாய். உன் கணினிக் கடலிலும் ஒவ்வொரு கட்டத்திலும் சமன்பாடு சரியாகத்தான் இருக்கும். எல்லையில் கொடுத்த எண் பொய்யாக இருந்தால்? கடல் முழுக்கப் பொய். மார்ச் மாதம் இதை எனக்கு எழுதியவனே நீதான்.

திரையில் இருந்தவளைத் தேடிக்கொண்டு செல்லூர் போனேன். ஆட்டோக்காரர் சந்துக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். இறங்கி நடந்தேன். இந்துப்ரியா அந்தப் படத்தைத் தாளில் அச்சிட்டுத் தந்திருந்தாள். காட்டிக் காட்டிக் கேட்டேன். விசைத்தறிச் சத்தத்தில் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். என் காதுக்கு அந்த ஊர் வசதி.

அவள் பெயர் மலையம்மாள். முழங்கை வரை நீலம். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஆத்தி, நான்தான்! போன வருஷத் தையில ஒரு தம்பி வந்து எடுத்தாரு. கம்பப் பிடிச்சுக் கிண்டுங்கக்கான்னாரு. நூலக் கிண்டுனா சிக்காயிரும் தம்பின்னேன். போட்டோவுக்குத்தானேன்னாரு. சரின்னு வெறும் தண்ணியக் கிண்டுனேன்."

போன வருஷத் தையில் நீ வந்திருந்தபோது ஒரு பிற்பகல் கல்லூரி நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். உனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தேன். வந்ததும் பசியில்லை என்றாய்.

"நான் காமராஜர் சாலைக் கணக்கு டீச்சர். அந்தத் தம்பி என் மகன்" என்றேன்.

"உங்க மகனா! அப்ப ஏன் என்னய எடுத்தாரு? நீங்கதான் சேப்பா, லட்சணமா இருக்கீகளே!"

வெளிநாட்டில் அவளைத்தான் உன் அம்மா என்று நினைக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். தறி நின்றது போல் அவள் முகம் ஒரு நொடி நின்றது.

"எம் மகன் கப்பலூர்ல கம்பெனி வேலைக்குப் போறான், டீச்சர். சம்பளம் வந்தா அம்மாங்கிறான், மத்த நாளு ஏய்ங்கிறான். நீங்க வேணும்னா அவன வச்சுக்கங்க, நான் உங்க மகன வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன்.

நான் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன். அரை மணி நேரம் இல்லை, அரை நிமிடம் நிற்க மாட்டேன். உனக்கு ஒரு வழி சொல்கிறேன். படக்குழுவை இந்த வீட்டுக்கு அழைத்து வா. கூடத்தில் கரும்பலகை இன்னும் இருக்கிறது. இவர்தான் என் அம்மா, கணக்கு டீச்சர் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல். பேச்சில் ஏன் அப்படிச் சொன்னாய் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் இதைப் பற்றி உன்னிடம் வாய் திறக்க மாட்டேன். உனக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பேன்.

சொல்லாவிட்டால், உனக்குக் கடிதம் எழுத இங்கே அம்மா இல்லை. இது மிரட்டல் இல்லை. நீ மேடையில் சொன்னதை நான் ஏற்றுக்கொள்வேன், அவ்வளவுதான்.

அம்மா


ரோஸ்டாக்
9 ஜூன் 2024

அன்புள்ள அம்மா,

நீங்கள் வெயிலில் செல்லூர் சந்துகளில் அலைந்ததை நினைத்தால் மனசு பதறுகிறது. இனி அப்படிப் போகாதீர்கள்.

நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. யோசித்துக்கொண்டிருக்கிறேன். படக்குழுவினரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதி வைத்திருக்கும் கதை வேறு. நல்லவேளையாக மதுரைப் படப்பிடிப்பு தள்ளிப்போகிறது. இந்த வருஷம் நடக்காது போலிருக்கிறது. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும். என்னை நம்புங்கள்.

புதுக் கணினிக் கடல் நன்றாக ஓடுகிறது. சுழல்கள் நீங்கள் சொன்னது போலவே கோணலாக, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, உயிரோடு இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தோடு வைத்துப் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. முதல் படத்தை உங்களுக்குத்தான் அனுப்புகிறேன்.

இரத்த அழுத்த மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்,
ஹரீஷ்


மதுரை
30 ஜூன் 2024

அன்புள்ள ஹரீஷ்,

படம் வந்தது. நன்றாக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன்.

நம்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். பக்குவமாகச் சொல்ல நேரம் எடுத்துக்கொள். கரும்பலகைக்குக் கறுப்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஹரிராமின் பாராட்டு விழாவை, மகன் வரும்போது வைத்துக்கொள்ளலாம், அவனே வந்து பேசுவான் என்று தள்ளி வைத்துவிட்டேன். "அப்ப டபுள் சால்வையா போட்ருவோம்" என்றான்.

முருங்கை காய்த்துக் கொட்டுகிறது. பறித்துக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

உன் அன்பு அம்மா,
ராதாமணி


மதுரை
25 ஆகஸ்ட் 2024

திரு. ஹரீஷ்குமார் அவர்களுக்கு,

நேற்று மலையம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். விலாசம் எப்படித் தெரியும் என்றால், "கணக்கு டீச்சர் வீடுன்னு கேட்டேன், காமராசர் சாலையே கை காட்டுது" என்றாள். உள்ளே வரச் சொன்னேன். வாசல்படியிலேயே நின்றாள். கை கழுவித்தான் வந்திருந்தாள். நகக்கண்ணில் நீலம் இருந்தது.

"டீச்சர், உங்க மகன் செவ்வாக்கெழம வந்தாரு. வெள்ளக்காரங்க மூணு பேரு, பெரிய கேமராவோட. டீச்சரப் பாத்துட்டீகளா தம்பின்னு கேட்டேன். சாயந்தரம் போறேன்னாரு. வந்தாரா?"

என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். அப்புறம்தான் உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். அதை ஆறவிட்டுச் சொன்னாள்.

"மறுபடி கிண்டச் சொன்னாக. கிண்டுனேன். அப்புறம் அந்த வெள்ளக்காரம்மா என்னயப் பாத்து ஏதோ கேட்டுச்சு. கூட வந்த பொண்ணு தமிழ்ல சொல்லுச்சு, இவரு உங்க மகனான்னு. நான் இவரத்தான் பாத்தேன், டீச்சர். இல்லன்னு அவரே சொல்லுவாருன்னு பாத்தேன். அவரு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பள்ளிக்கூடத்துல அடி வாங்கப் போற புள்ள மாதிரி நிக்கிறாரு. எனக்குப் பாவமாப் போச்சு. தலைய ஆட்டிட்டேன்."

"பிறகு?"

"காலத் தொட்டுக் கும்பிட்டாரு. கையத் தலையில வையிங்கன்னாக. ஈரக் கையி. நெத்தியில எல்லாம் நீலம் வழிஞ்சு போச்சு. தொடைக்கல அவரு. அது நல்லா இருக்குன்னு வெள்ளக்காரம்மா இன்னொரு தடவ எடுத்துச்சு." இதைச் சொல்லிவிட்டு, "நான் தப்புப் பண்ணிட்டேனா, டீச்சர்?" என்று கேட்டாள்.

நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்று அவளிடம் சொன்னேன். இரக்கப்பட்டுத் தலையாட்டினாய் என்றேன். நீங்கள் தப்புச் செய்யவில்லை என்று உங்களிடம் சொல்ல என்னால் முடியவில்லை.

செல்லூரிலிருந்து இந்த வீடு எவ்வளவு தூரம்? வைகைப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம். ஜெர்மனியிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவருக்குப் பாலத்தைத் தாண்டத் தோன்றவில்லை. படப்பிடிப்பு தள்ளிப்போகிறது என்று ஜூன் மாதம் எழுதினீர்கள். அதை நான் நம்பினேன். உங்கள் பேச்சை மன்னித்திருப்பேன். மேடையில், வெளிச்சத்தில், ஏதோ ஒரு வேகத்தில் மனிதன் தடுமாறலாம். அந்த ஜூன் கடிதம் அப்படி இல்லை. உட்கார்ந்து, யோசித்து, மாத்திரையை விடாதீர்கள் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்.

ஹரிராமுக்கு ஆள் அனுப்பி, விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். சாயப்பட்டறை அம்மா செல்லூரில் இருக்கிறாள், சால்வையை அங்கே கொண்டுபோ என்றேன். இனி யாரிடமும் நான் யார் என்று நிரூபிக்கப் போவதில்லை. உங்களை மறுத்து எந்தப் பத்திரிகைக்கும் எழுதப் போவதும் இல்லை. உங்கள் படம் நன்றாக ஓடட்டும்.

பால்டிக் படங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அவை ஆராய்ச்சிக்கு உரியவை. உங்களிடம் இருப்பதுதான் முறை.

எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம். ஆனால் மலையம்மாளுக்கு எழுதுங்கள். கேமரா முன்னால் ஒருத்தியை அம்மா ஆக்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவது சரியில்லை. நேற்றுப் புறப்படும்போதுகூட, "தம்பி ஊருக்குப் போய்ச் சேந்துட்டாரான்னு தெரியலையே" என்று வாசலில் நின்றாள். விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழில் எழுதுங்கள், நிறுத்தித் தெளிவாக எழுதுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் என்னிடம் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்தால், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
கே. ஆர். ராதாமணி